சேவ் செய்த வீடியோ நெட் இல்லாமல் ஏன் ஓடுவதில்லை?

நெட் இல்லாத இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நாலைந்து வீடியோக்களை சேவ் செய்து வைத்துக்கொண்டு கிளம்புகிறோம். விமானத்தில் உட்கார்ந்து ஃபோனைத் திறந்தால் திரை நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வீடியோ மட்டும் வருவதாக இல்லை. ஃபோன் பழசாகிவிட்டது, ஆப்பில் ஏதோ கோளாறு என்றெல்லாம் யோசிக்க வேண்டாம். பெரும்பாலும் அந்த வீடியோ ஃபோனுக்குள் வந்தே இருக்காது. இந்த விஷயத்தில் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒரே ஒரு கேள்விதான்: பட்டனை அழுத்திய பிறகு வீடியோ எங்கே இருக்கிறது? அவர்களுடைய சர்வரிலா, ஆப்புக்குள்ளா, என் கேலரியிலா? எந்தப் பட்டன் எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்று பிடிபட்டுவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

அதற்கு முன்னால், சாதாரணமாக ஒரு வீடியோவைப் பார்க்கும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பார்ப்பது வேறு, டவுன்லோடு வேறு என்று நினைக்கிறோம். ஆனால் பார்க்கும்போதும் வீடியோ ஃபோனுக்கு வந்துதான் ஆக வேண்டும், வராமல் திரையில் எப்படித் தெரியும்? வந்தது தங்குவதில்லை, அதுதான் வித்தியாசம். சர்வர் ஒவ்வொரு வீடியோவையும் சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் மங்கலானது, சுமாரானது, தெளிவானது என்று பல தரங்களில் வைத்திருக்கும். முதலில் அந்தத் துண்டுகளின் பட்டியல் ஃபோனுக்கு வரும், அதைப் பார்த்துப் பார்த்து ஆப் அடுத்தடுத்த துண்டைக் கேட்டு வாங்கும். சிக்னல் குறைந்ததும் படம் மங்கலாகி, கொஞ்ச நேரத்தில் மறுபடி தெளிவாவதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த துண்டைக் குறைந்த தரத்தில் வாங்கிச் சமாளித்திருக்கிறது, அவ்வளவுதான். ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த எச்எல்எஸ், 2012-இல் சர்வதேசத் தரமாக வந்த டேஷ், இந்த இரண்டு முறைகளில்தான் இன்று நெட்டில் ஓடும் வீடியோக்களில் பெரும்பகுதி வருகிறது.

பார்த்து முடித்த துண்டுகள் கேஷ் என்கிற தற்காலிக இடத்தில் கொஞ்ச காலம் கிடக்கும், அப்புறம் ஆப்பே அவற்றைத் துடைத்துவிடும். இந்த கேஷ் ஆளை ஏமாற்றும். காலையில் பார்த்த ஒரு சின்ன வீடியோ மாலையில் நெட்டை அணைத்த பிறகும் ஓடும். ஆகா, சேவ் ஆகிவிட்டது என்று நம்பிவிடுவோம். மறுநாள் பார்த்தால் இருக்காது. அல்லது முதல் 20 விநாடி ஒழுங்காக ஓடிவிட்டு அதற்கு மேல் நகராது. கேஷில் இருப்பதை நம்பி எந்தத் திட்டமும் போட முடியாது.

சரி, பட்டன்களுக்கு வருவோம். இன்ஸ்டாகிராமில் போஸ்டுக்குக் கீழே நாடா மாதிரி ஒரு சின்னம் இருக்கிறதே, எக்ஸில் (பழைய ட்விட்டர்) புக்மார்க், யூடியூபில் 'பிறகு பார்' பட்டியல், ஃபேஸ்புக்கில் 'வீடியோவைச் சேமி', இவை எல்லாம் ஒரே இனம். இவற்றில் எதை அழுத்தினாலும் வீடியோவிலிருந்து ஒரு துளிகூட ஃபோனுக்கு வராது. கடையில் பார்த்த புத்தகத்தின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் போட்டுக்கொள்கிற மாதிரிதான்: சீட்டு கையில் இருக்கிறது, புத்தகம் கடையில் இருக்கிறது. பதிவேற்றியவர் வீடியோவை நீக்கிவிட்டாலோ, கணக்கைப் பூட்டிவிட்டாலோ சீட்டால் ஒரு பயனும் இல்லை. விமானத்தில் சுற்றிய வட்டத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பட்டனில் 'சேமி' என்று எழுதியிருப்பதால் ஏமாறுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது, இந்த நிறுவனங்கள் இன்னும் கொஞ்சம் தெளிவாக எழுதியிருக்கலாம் என்பது என் கட்சி.

அடுத்த வகை, வீடியோ உண்மையிலேயே ஃபோனுக்கு வந்துவிடுகிறது, ஆனால் ஆப்பின் பூட்டுக்குள் இருக்கிறது. யூடியூப் டவுன்லோடு இதற்கு நல்ல உதாரணம். வீடியோவுக்குக் கீழே கீழ்நோக்கிய அம்புக்குறியைத் தொட்டால் எந்தத் தரத்தில் வேண்டும் என்று கேட்கும், தேர்ந்தெடுத்ததும் இறங்க ஆரம்பிக்கும், முடிந்ததும் ஆப்பில் உங்கள் கணக்குப் பக்கத்தில் உள்ள டவுன்லோடுகள் பட்டியலில் வந்து உட்காரும். நெட் சுத்தமாக இல்லாமல் அழகாக ஓடும். ஆனால் கேலரியில் போய்த் தேடினால் கிடைக்காது. மறையாக்கம் செய்த கோப்பாக ஆப்புக்குள் இருப்பதால் வேறு பிளேயரில் போடவோ இன்னொருவருக்கு அனுப்பவோ வழியில்லை. அதற்குச் சில நிபந்தனைகளும் உண்டு. யூடியூப் பிரீமியம் சந்தாதாரராக இருந்தால் 30 நாளுக்கு ஒரு தடவையாவது ஃபோன் நெட்டில் இணைந்தாக வேண்டும், இல்லாவிட்டால் இறக்கிய வீடியோக்கள் ஓடாது. சில நாடுகளில் சந்தா இல்லாமலும் சில வீடியோக்களை இறக்கிக்கொள்ளலாம். அங்கே கெடு நாட்டையும் வீடியோவையும் பொறுத்து மாறும். பதிவேற்றியவர் அந்த வீடியோவை நீக்கிவிட்டால், அடுத்த முறை நீங்கள் நெட்டில் இணையும்போது உங்கள் பட்டியலிலிருந்தும் போய்விடும்.

இந்த வகையில் இன்னும் இரண்டு விஷயங்களில் பலர் இடறுகிறார்கள். 'வைஃபையில் மட்டும் டவுன்லோடு' என்று செட்டிங்ஸில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது போட்டிருந்தால் மொபைல் டேட்டாவில் எத்தனை தடவை அழுத்தினாலும் வீடியோ வரிசையில் காத்துக்கொண்டே இருக்கும், சத்தமே போடாது, நீங்கள் இறங்கிவிட்டது என்று நினைத்துக் கிளம்பிவிடுவீர்கள். இன்னொன்று, ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது என்று ஆப்பின் டேட்டாவை அழிப்பது, ஆப்பையே எடுத்துவிட்டு மறுபடி போடுவது. கேஷை மட்டும் அழித்தால் பொதுவாக ஒன்றும் ஆகாது. டேட்டாவை அழித்தால் இறக்கி வைத்த எல்லாமே கூடவே போய்விடும். பயணத்துக்கு முதல் நாள் ஃபோனைச் சுத்தம் செய்கிற ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளவும்.

மூன்றாவது வகைதான் பலர் மனதில் நினைக்கிற டவுன்லோடு: சாதாரண எம்பி4 கோப்பாகக் கேலரியில் வந்து விழுவது. இதற்குக் கெடுவும் இல்லை, பூட்டும் இல்லை, எந்தப் பிளேயரிலும் ஓடும். ஆனால் எல்லாத் தளமும் எல்லா வீடியோவுக்கும் இதைக் கொடுப்பதில்லை. டிக்டாக்கில் பகிர்வுப் பட்டியலில் 'வீடியோவைச் சேமி' இருக்கும், போட்டவரின் பெயர் வாட்டர்மார்க்காக ஓரத்தில் வந்துவிடும், அவர் அனுமதியை அணைத்துவைத்திருந்தால் அந்த வாய்ப்பே தெரியாது. இன்ஸ்டாகிராமில் பொதுக் கணக்குகளின் ரீல்ஸை இறக்கும் வசதி 2023-இல் வந்தது, முதலில் அமெரிக்காவில், பிறகு மற்ற இடங்களில். இங்கேயும் வாட்டர்மார்க் உண்டு, போட்டவர் வேண்டாம் என்று தடுக்கலாம், உரிமம் பெற்ற பாட்டு பின்னணியில் இருந்தால் சில சமயம் ஒலியே இல்லாமல் இறங்கும். அது உங்கள் ஃபோனின் குற்றமில்லை, பாட்டின் உரிமம் அந்த ஆப்புக்குள் மட்டும் செல்லுபடியாகும் என்பதால் அப்படிச் செய்கிறார்கள். எக்ஸில் கட்டணச் சந்தாதாரர்களுக்கு மட்டும், அதுவும் போட்டவர் அனுமதித்த வீடியோக்களுக்கு மட்டும்.

நீங்களே போட்ட வீடியோ என்றால் கதை வேறு. யூடியூப் ஸ்டுடியோவில் உங்கள் வீடியோவை 720பி அல்லது 360பி தரத்தில் எம்பி4 ஆக எடுத்துக்கொள்ளலாம். ஏற்றிய அசல் தரத்திலேயே வேண்டுமானால் கூகுள் டேக்கவுட் (கூகுளில் இருக்கும் நம் தகவல்களை நகலெடுத்துத் தரும் சேவை) வழியாகக் கேட்க வேண்டும். ஃபேஸ்புக்கில் நேரலை செய்கிறவர்கள் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும்: 2025 பிப்ரவரி 19 முதல் புதிய நேரலை வீடியோக்கள் 30 நாள்தான் அங்கே இருக்கும், அதற்குப் பிறகு தானாக அழிந்துவிடும். வீட்டு விசேஷத்தை நேரலையாகப் போட்டுவிட்டு அது எப்போதும் அங்கேயே இருக்கும் என்று நம்பியிருந்தால் இன்றைக்கே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பும் டெலிகிராமும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் இந்த விஷயத்தில் நேர் எதிர். வாட்ஸ்அப்பில் வீடியோவைத் தொட்டு இறக்கிவிட்டால் அது ஃபோனில் கோப்பாகவே வந்துவிடுகிறது. ஒரு குறை, அனுப்பும்போது நன்றாகச் சுருக்கிவிடுகிறது, எழுத்து தெரிய வேண்டிய வீடியோ என்றால் பாழ். அனுப்புகிறவரிடம் வீடியோவாக இல்லாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், 2 ஜிபி வரை அசல் தரம் குறையாமல் வரும். டெலிகிராமில் 'சேவ்டு மெசேஜஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதில் போட்டு வைத்தால் ஃபோனில் பத்திரமாக இருக்கிறது என்று நினைப்பார்கள், ஆனால் அது டெலிகிராமின் சர்வரில் இருக்கிறது. பார்க்கும்போது இறங்கியதும் கேஷில்தான் கிடக்கும், அதை எத்தனை நாள் வைத்திருப்பது என்று ஸ்டோரேஜ் செட்டிங்ஸில் இருக்கும் கணக்குப்படி தானே அழியும். மூன்று புள்ளியைத் தொட்டு 'கேலரியில் சேமி' கொடுத்தால்தான் உங்களுடையது. சேனல் நடத்துகிறவர் சேமிப்பதைத் தடுத்திருந்தால் அதுவும் வராது.

இனி, லிங்க்கை ஒட்டினால் வீடியோவை எடுத்துத் தருகிறோம் என்கிற தளங்கள். இவற்றில் மந்திரம் ஏதும் இல்லை. மேலே சொன்ன துண்டுப் பட்டியலை அந்தத் தளத்தின் சர்வர் போய் வாங்கி, துண்டுகளை ஒட்டி ஒரே கோப்பாகக் கொடுக்கிறது. யூடியூப் போன்ற தளங்கள் படத்தையும் ஒலியையும் தனித்தனி வரிசையாக வைத்திருக்கும்; இரண்டையும் சேர்க்கத் தெரியாத சேவை படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடும். டவுன்லோடு செய்த வீடியோவில் சத்தமே இல்லை என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் இதுதான் கதை என்று நினைக்கிறேன். இறக்கிய வீடியோ ஒழுங்காக ஓடாததற்கு இன்னொரு காரணம் கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கி எழுதும் முறை. 2003-இல் வந்த எச்.264 ஏறக்குறைய எல்லா ஃபோனிலும் ஓடும், 2018-இல் வந்த ஏவி1 சில பழைய ஃபோன்களில் திக்கித் திணறும். விஎல்சி பிளேயரில் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

தொழில்நுட்பத்தைவிட அந்தத் தளங்களின் பழக்கவழக்கம்தான் பிரச்சினை. லிங்க்கை ஒட்டியதும் திரையில் மூன்று டவுன்லோடு பட்டன்கள் தெரியும், பெரிதாகப் பச்சையாக மின்னுகிற இரண்டும் விளம்பரம், உண்மையானது எங்கோ கீழே சின்ன எழுத்தில் இருக்கும். நடுவே 'அறிவிப்புகளை அனுமதி' என்று ஒரு பெட்டி வரும். அனுமதித்தால் அன்று இரவிலிருந்து ஃபோனில் வைரஸ் இருக்கிறது, பரிசு விழுந்திருக்கிறது என்று அறிவிப்பு கொட்டும். இறங்கிய கோப்பின் பெயர் எம்பி4 என்று முடிகிறதா என்று பாருங்கள். ஏபிகே என்று முடிந்தால் அது வீடியோ அல்ல, ஆப். திறக்காமல் அழித்துவிடுங்கள். வீடியோவை இறக்குவதற்கு எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியோ, திரையில் இருப்பதைப் படிக்கவும் இயக்கவும் விடும் அணுகல்தன்மை அனுமதியோ எந்த ஆப்புக்கும் தேவையில்லை. பூட்டிய கணக்கின் வீடியோவையும் எடுத்துத் தருகிறோம், உங்கள் இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டை மட்டும் இங்கே போடுங்கள் என்று கேட்டால் அந்த இடத்திலேயே பக்கத்தை மூடிவிடுங்கள். கணக்கு கைமாறிவிடும்.

உரிமை விவகாரத்தையும் சொல்லிவிட வேண்டும். தளமே பட்டன் கொடுத்திருந்தாலோ, யூடியூபும் தேவைப்பட்டால் உரிமையாளரும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதித்திருந்தாலோ தவிர இறக்கக் கூடாது என்று யூடியூபின் விதிமுறைகள் சொல்கின்றன, மற்றவர்களும் ஏறக்குறைய அதே பாட்டுதான். கருவி தவறா, பயன்பாடு தவறா என்கிற சண்டை முடிந்தபாடில்லை: வீடியோக்களை இறக்கித் தரும் யூடியூப்-டிஎல் என்கிற திறந்த மூல மென்பொருளை அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் புகார் கொடுத்து 2020 அக்டோபரில் கிட்ஹப் என்கிற நிரல் பகிர்வுத் தளத்திலிருந்து எடுக்கவைத்தது, நவம்பரில் கிட்ஹப் அதைத் திரும்பப் போட்டுவிட்டது. நம் அளவில் பார்த்தால், போட்டவருக்கு ஒரு வரி எழுதிக் கேட்டால் நிறையப் பேர் மகிழ்ச்சியாகக் கோப்பையே அனுப்பிவிடுவார்கள், அதுவும் வாட்டர்மார்க் இல்லாமல். நாம் பார்ப்பதற்கு எடுத்து வைத்ததை நம் பக்கத்தில் மறுபடி ஏற்றுவது வேறு கதை, அது அடுத்தவர் உழைப்பைச் சுடுவது.

ஸ்கிரீன் ரெக்கார்டிங் செய்துவிடலாமே என்பார்கள். ஐஃபோனில் ஐஓஎஸ் 11 முதலும், ஆண்ட்ராய்டில் 11-ஆம் பதிப்பு முதலும் இந்த வசதி சிஸ்டத்திலேயே இருக்கிறது. அரை மணி நேர வீடியோவுக்கு அரை மணி நேரம் ஃபோனைத் தொடாமல் காத்திருக்க வேண்டும், நடுவில் வரும் மெசேஜும் அழைப்பும் சேர்ந்தே பதிவாகும், கோப்பு தேவையில்லாமல் பெரிதாக இருக்கும். கட்டணப் படத் தளங்களில் பதிவு செய்தால் வெறும் கறுப்புத் திரைதான் மிஞ்சும். உரிமைச் சிக்கல் இதிலும் அப்படியேதான் இருக்கிறது. அரை நிமிட வீடியோவுக்குச் சரி, மற்றதற்கு வேண்டாம்.

எவ்வளவு இடம் பிடிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு எளிய கணக்கு இருக்கிறது. விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் வீடியோ நிமிடத்துக்கு 7.5 எம்பி பிடிக்கும். 8 பிட் ஒரு பைட் என்பதால் 60-ஐ 8-ஆல் வகுத்தால் வருவது அது. 480பி வீடியோ சுமாராக 1 மெகாபிட், 720பி சுமாராக 2, 1080பி என்றால் 4 அல்லது 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒரு மணி நேரப் பாடம் 480பி-யில் சுமார் 450 எம்பி, 720பி-யில் சுமார் 900 எம்பி, 1080பி-யில் 2 ஜிபியைத் தொட்டுவிடும். ஆள் பேசுவதை மட்டும் பார்க்கிற வீடியோவுக்கு ஃபோன் திரையில் 480பி தாராளம். பலகையில் எழுதுவது, கணினித் திரையில் நிரல் எழுதுவது போன்றவற்றுக்கு 720பி-க்குக் கீழே போனால் எழுத்து கலங்கிவிடும். 1080பி-யை ஃபோனுக்காக இறக்குவது பெரும்பாலும் இடத்துக்குப் பிடித்த கேடு.

இறக்கியாகிவிட்டது, இப்போது சோதனை. ஏரோபிளேன் மோடு போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் சில ஃபோன்கள் ஏரோபிளேன் மோடிலும் வைஃபையை விட்டுவைக்கும். ஆப்பை முழுவதுமாக மூடித் திறந்து, வீடியோவை ஆரம்பத்திலிருந்து ஓட்டாமல் நேராகக் கடைசிப் பகுதிக்கு இழுத்து விடுங்கள். அங்கே ஓடினால் முழுசாக இருக்கிறது. ஆரம்பத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டால் கேஷ் உங்களை ஏமாற்றிவிடும்.

கோப்பாக இறக்கியது கேலரியில் தெரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். ஆண்ட்ராய்டில் ஃபைல்ஸ் ஆப்பைத் திறந்து டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் பாருங்கள், பிரவுசர் வழியாக வந்தது அங்கேதான் இருக்கும். ஐஃபோனில் சஃபாரி இறக்கியதும் ஃபோட்டோஸில் வராது, ஃபைல்ஸ் ஆப்பில் டவுன்லோட்ஸுக்குள் போய் வீடியோவைத் திறந்து, பகிர்வுச் சின்னத்தைத் தொட்டு 'வீடியோவைச் சேமி' கொடுக்க வேண்டும். மெமரி கார்டில் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கார்டு ஃபேட்32 என்கிற பழைய கோப்பு அடுக்கும் முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்றுக்கொள்ளாது, நிறைய இடம் இருந்தாலும் இடமில்லை என்கிற மாதிரி முரண்டு பிடிக்கும். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும், ஆனால் மாற்றும்போது கார்டில் இருப்பது எல்லாம் அழியும், முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு பொறி, விவரம் தெரிந்தவர்களும் விழுவது. கேலரியில் வீடியோவின் படம் தெரிகிறது என்பதாலேயே வீடியோ ஃபோனில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கூகுள் ஃபோட்டோஸில் 'இடத்தை விடுவி' என்று ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் ஏற்கெனவே கிளவுடுக்குப் போன வீடியோக்களின் ஃபோன் நகல் அழிந்துவிடும், சின்னப் படம் மட்டும் முன்போலவே தெரிந்துகொண்டிருக்கும். ஐஃபோனில் ஐகிளவுட் ஃபோட்டோஸோடு 'ஸ்டோரேஜை மேம்படுத்து' என்பது போட்டிருந்தால் இடம் குறையும்போது அசல் கோப்பு தானாகவே கிளவுடுக்குப் போய்விடும். நெட் இல்லாமல் தொட்டால் மறுபடியும் வட்டம்தான் சுற்றும். கட்டாயம் வேண்டும் என்று இருக்கிற வீடியோவை ஐஃபோனில் ஃபைல்ஸ் ஆப்பின் 'என் ஐஃபோனில்' என்ற பகுதியிலும், ஆண்ட்ராய்டில் காப்புப்பிரதி போகாத ஒரு தனி ஃபோல்டரிலும் நகல் எடுத்து வைத்துவிட்டால், போட்டோ ஆப் தன் இஷ்டத்துக்கு அதை நகர்த்தாது.